பிடித்திரு

வினிபெக்கில் பெப்ரவரி.
சன்னல் கண்ணாடியின் உட்பக்கமே உறைந்து கிடக்கிறது.
காலை ஆறு மணிக்கு என் விரல்கள்
என்னுடையவை அல்ல.
சுடுதண்ணீரில் இருபது நிமிடம் வைத்தால்
ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன,
பெருவிரல் கடைசியாக,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

நோர்த் எண்டில் பெரோகித் தொழிற்சாலை.
பெரோகி மோதகம் மாதிரித்தான்,
உள்ளே தேங்காய்ப்பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கு.
இயந்திரம் மூடாமல் விட்ட வாய்களை
விரலால் கிள்ளி மூட வேண்டும்.
நாலு வருடம் கிள்ளினேன்.
எத்தனை வாயை அடைத்திருப்பேன்!

முதல் டாக்டர் மணிக்கட்டை அமத்திப் பார்த்தார்.
துடிப்பில் வாய்க்கு வந்தது ஊர்ப்பேச்சு.
"நோ, நோ" என்றேன்.
தலையாட்டி, வலி இல்லை என்று எழுதிக்கொண்டார்.
என்னுடையதில் அது இருக்கிறது,
அவருடையதில் அது இல்லை.
அந்த ஓரெழுத்துக்குள்
பதினொரு மாதம் போயிற்று.

இரவில் மட்டும் எனக்கொரு மலை இருந்தது.
திரைக்குள்ளே.
பாறையில் தொங்க வேண்டுமென்றால்
பின்பக்கப் பொத்தானை அமத்திப் பிடித்திருக்க வேண்டும்,
விட்டால் விழுவாய்.
ஒக்டோபர் வரை விழவில்லை.
பிறகு ஒவ்வொரு இரவும் அதே பிளவில்
அதே கத்தலோடு விழுந்தேன்.
(அவளுக்கு ஒரே ஒரு கத்தல்தான்
பதிவு செய்திருக்கிறார்கள்.)

"விளையாட்டுத்தானே, விடன்" என்றாள் மச்சாள் போனில்.
வேலையை விட்டாயிற்று.
தலை பின்னுவதை விட்டு
மயிரைக் கட்டையாக வெட்டியாயிற்று.
ஊறுகாய்ப் போத்தல்களைத் திறப்பதே இல்லை.
விடச் சொல்பவர்கள் எப்போதும்
எனக்குப் பிடித்ததன் பக்கமே கை காட்டுகிறார்கள்.

மயூரதன் முட்டை தரம் பிரிக்கும் இடத்தில் வேலை,
கேம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.
ஒரு ஞாயிறு அமைப்புகளுக்குள் புகுந்து
வெளியே வரத் தெரியாமல் அலைந்தபோது கண்டுபிடித்தான்:
இரண்டு கொன்ட்ரோலரை ஒரே ஆளாக்கலாம்.

நான் நடந்தேன், அவன் பார்த்தான்.
ஒரு உடம்புக்கு இரண்டு மூளை.
நான் பாலத்தில் போக அவன் வானத்தைப் பார்த்தான்.
"கீழே பாரப்பா!"
"நட்சத்திரம் என்ன வடிவாக் கீறியிருக்கிறாங்கள்..."
ஆற்றில் விழுந்தோம்.
கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில்
இவ்வளவு சண்டை பிடித்ததில்லை,
இவ்வளவு சிரித்ததும் இல்லை.
பதினேழாம் நாள் அவனைப் பதவி நீக்கினேன்.

ஆனால் உள்ளே போகும் வழி தெரிந்துவிட்டது.
பாய்வதைக் காலுக்குக் கொடுத்தேன்:
பழைய சாமான் கடையில் ஆறு டொலர்,
யாரோ தட்டச்சுக்காரி மிதித்துத் தேய்ந்த மிதி.
வயர் மாற்றிப் பற்றவைத்தவன் அவன்,
சோபாவில் எரிந்த ஓட்டை சாட்சி.
திரும்புவது சுட்டுவிரலுக்கு,
நல்ல நாளில் அது வேலைக்கு வரும்.
பெருவிரலுக்குச் சம்பளத்தோடு லீவு.
ஒவ்வொன்றையும் எதனால் செய்ய விருப்பம் என்று
மெனு கேட்டுக்கொண்டே வந்தது.
நாலு வருடத்தில் எந்த மேற்பார்வையாளரும்
கேட்டதில்லை.

கடைசித் திரையில், எழுத்தளவு, ஒலியளவுக்கெல்லாம் கீழே:
'பிடித்திரு' அல்லது 'ஒருமுறை தொடு'.

ஒருமுறை தொட்டேன்.
பிளவில் தொங்கினாள்.
கையை எடுத்து மடியில் வைத்தேன்,
விழவில்லை.
தேத்தண்ணி ஒரு மிடறு குடித்தேன்.
அப்போதும் தொங்கினாள்,
காற்றில் தலைமயிர் ஆட,
என்னிடம் எதுவும் கேட்காமல்.

குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து
"பிடிச்சிருக்கோ?" என்றான்.
எதைக் கேட்கிறான் என்று விளங்கவில்லை.
ஓம் என்றேன்.

இடது மணிக்கட்டு நோகிறது.
மேலே இன்னும் நிறையப் பாறை.
காலுறைக்குள் குதிக்காலைச் சரிசெய்து
மிதியைத் தேடினேன்.