மேல் வரி

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் சீட்டில்
முதலில் மருந்தின் பேர் இருக்காது.
உச்சியில் ஒரே சொல், அடிக்கோடு போட்டு:
வியர்க்க விடு.
இல்லையென்றால், இறக்கு. தணி. ஈரமாக்கு. இணக்கு.
அதற்குக் கீழேதான் சரக்குகள், கிராம் கணக்கில்.

டயர் ரீட்ரெடிங் கடைக்கு மாடியில்
சீன வைத்தியம் பார்க்கும் சியூலான் எழுதுவது.
ரங்கூன் கப்பலில் வந்திறங்கிய குடும்பம்.
கைச்செலவைத் தமிழில்தான் கூட்டுவாள்.

நான் மண்ணடி மருந்துக்கடைப் பின்கட்டில்
நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவள்.

போன மார்கழியில்
ஒரே நாளில் இரண்டு இருமல்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தேசப்பனுக்கு வியர்க்க விடு:
பட்டைக் குச்சி, இஞ்சி, அதிமதுரம்.
குடித்த கையோடு சூடாய்க் கஞ்சி, பிறகு போர்வை.
எண்ணூர்ச் சாம்பல் குளத்தோரத்து நீலாவதிக்கு ஈரமாக்கு:
அதிமதுரம் உண்டு. பட்டை இல்லை, இஞ்சி இல்லை.
பேரிக்காய்த் தோல், ஒரு பிடி அரிசி,
கப்பலில் வருகிற வெள்ளை வேர் ஒன்று.

'இன்னாக்கா, அவருக்கும் எனக்கும் ஒரே இருமல்தானே,
அந்தப் பொட்டலத்தயே குடு, பஸ்ஸு பூடும்.'

ஒரே இருமல்தான் நீலா.
அங்கே கதவு வெளியே பூட்டிக் கிடக்கிறது.
உன் வீட்டில்
குடம் காய்ந்து கிடக்கிறது.

மாஹுவாங் தீர்ந்த வாரம் போன் போட்டேன்.
'மேல என்ன எழுதியிருக்கேன் ஜுலைகா?'
வியர்க்க விடு.
'அப்போ வியர்க்க விடறது உங்க கடையில
வேற என்ன கீது, பாரு.'
பார்த்தேன்.
இருநூறு டப்பாக்களில்
நாலு மட்டும் என் பக்கம் திரும்பின.

ரேவல்சின்னியை எடுக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.
சீனாக்காரத்தைப்போல, சீனியைப்போல
இதுவும் ஊர்ப் பேரை மடியில் முடிந்துகொண்டு வந்தது.
இறக்கு என்று எழுதியிருந்தால்
அடுப்பை அணைக்கப்போகும்போது போட வேண்டும்.
நெடுநேரம் வெந்தால் அவசரத்தை மறந்து
வேறு வேலைக்குப் போய்விடும்.

ஹார்பரில் ரிட்டயரான மோசஸுக்கு
எட்டு நாளாய் வயிறு இறுகியபோது
ரேவல்சின்னியைத்தான் எதிர்பார்த்தேன்.
ஈரமாக்கு என்றிருந்தது. எண்ணெய் விதைகள், கிழங்கு.
'பக்கிங்காம் கால்வாயில தண்ணி வத்திட்டா
படகைத் தள்ளி என்ன பிரயோஜனம்' என்றாள்.
(அந்தக் கால்வாயில் இப்போது ஓடுவதைத்
தண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன்.
ஆனால் மோசஸுக்குப் படகு போனது.)

நேற்று வந்த சீட்டில் நோயாளி பேர்: சியூலான்.
ஒன்பது சரக்கு. மூன்றாவது ரேவல்சின்னி.
ஏழாவது, வயிற்றைக் கட்டுகிற மாதுளை ஓடு.
ஒரே கையெழுத்து, ஒரே பேனா.
அதிமதுரம் இல்லை.
மேலே, அடிக்கோடு மட்டும்.

போன் போட்டேன்.
'மேல என்ன எழுதியிருக்கேன்?'
கோடு போட்டிருக்கீங்க.
கீழ்த்தளத்தில் டயர் அரைக்கும் மெஷின் கேட்டது,
வெகுநேரம்.
'தூக்கம் இல்ல ஜுலைகா.
என் நாடிய நானே புடிச்சா
நடுங்கறது எந்தக் கைன்னு தெரியல.'

எனக்கு நாடி பார்க்கத் தெரியாது.
நிறுக்கத் தெரியும்.
ஒன்பதையும் நிறுத்தேன்,
ஒன்றோடொன்று கலக்காமல்
ஒன்பது தனித்தாளில் மடித்தேன்.
முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு
பஸ் பிடித்தேன்.

ராயபுரம் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது.
மீன் கூடைகள், யாரோ ஒருவரின் ரேடியோ,
மடியில் பை.
எண்ணிப் பார்த்தேன். எட்டு.
மறந்தேனா விட்டேனா,
ரேவல்சின்னி
தராசுத் தட்டிலேயே இருந்துவிட்டது.