த/பெ

தாராபுரம் வக்கீல் விரல்விட்டு எண்ணினார்.
பதினெட்டு. அதற்குமேல் மூன்று.
"இருபத்தொண்ணு முடியறதுக்குள்ள
போட்டாத்தானுங்க வழக்கு.
உங்களுக்கு எப்ப முடியுது?"

எனக்கு இரண்டு பிறந்தநாள்.

மாற்றுச் சான்றிதழில் மே இருபத்தெட்டு.
அது அப்பா பள்ளிக்கூட வாசலில் பெற்றது.
அஞ்சு நிறையலை என்று டீச்சர் திருப்பி அனுப்ப,
தறிக்குடோனில் கட்டிப்போட முடியாத பிள்ளையை
ஆறு மாதம் முன்னால் பிறக்கவைத்தார்.
வலியில்லாத பிரசவம்.
அந்தத் தேதிப்படி என் உரிமை செத்து
அஞ்சு மாசம் ஆகப்போகிறது.

இன்னொன்று கார்த்திகை, காங்கேயம் ஆஸ்பத்திரி.
அதன்படி
இன்னும் முப்பத்தாறு நாள் மூச்சிருக்கிறது.

நிலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
குண்டடத்துக்குக் கிழக்கே கொறங்காடு,
ரெண்டு ஏக்கர் நாற்பது சென்ட்.
கிளுவை வேலி, வெள்வேலம் பதினொன்று,
மழை கண்டால் மட்டும் கொழுக்கட்டைப்புல்.
அம்மா போனபிறகு அப்புச்சி
மருமகனை நம்பாமல்
நாலு வயசு எம்பேருக்கு எழுதிவைத்தது.

ஒன்பது வயசில் நான் அதை விற்றிருக்கிறேன்.
நகல் போட்டு வாங்கிப் பார்த்தேன்:
"மைனர் கோகிலவாணிக்காக
தகப்பனும் கார்டியனுமான சென்னியப்பன்."
கையெழுத்து அவருடையது. விற்றவள் நான்.
வகுத்தல் கணக்கில் மீதியை
எங்கே எழுதுவதென்று தெரியாமல்
அழுத நாளாகக்கூட இருக்கலாம்.

காரணம்:
"மைனரின் கல்விச் செலவுக்காகவும் க்ஷேமத்துக்காகவும்."
அரசுப் பள்ளி. இலவச பஸ் பாஸ்.
சைக்கிளும் சர்க்கார் சைக்கிள்.
பணம் போனது எட்டுத் தறிக்கு.
தறி ஓடியது, கூலி குறைந்தது,
கடைசியில் கிலோ கணக்கில் எடைக்குப் போனது.
ஆனாலும் அந்தச் சத்தத்தின் நடுவில்தான்
நான் சோறு தின்றேன், தூங்கினேன், வளர்ந்தேன்.
அது என் க்ஷேமமா இல்லையா
எந்தப் பிரிவு நிறுத்துச் சொல்லும்?

கோர்ட்டு உத்தரவு வாங்காமல்
பிள்ளை சொத்தைப் பெத்தவனே விற்றாலும் செல்லாதாம்,
பிள்ளை நேரத்தில் வந்து கேட்டால்.

இப்போது அங்கே ஒரு காற்றாலை.
ஆடு மேய்ந்த இடத்தை
இறக்கைகளின் நிழல் மேய்கிறது,
விடாமல், அதே வட்டத்தை.

"பொறந்த தேதிக்குச் சாட்சி வேணும்.
பள்ளிக்கூடத்துல பொய் சொன்னேன்னு
உங்கப்பாவே கூண்டுல ஏறிச் சொல்லோணும்.
ஏறுவாருங்களா? அவரு மேலதான கேஸே."

பல்லடம் போனேன்.
மில்லில் ராத்திரிக் காவல் அவருக்கு.
டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.
சொன்னேன், முப்பத்தாறு நாள் உட்பட.

"எம் பேரு எங்க வரும்?"
"மொதல் பிரதிவாதிங்ப்பா."
"கம்பெனிக்காரன்?"
"அவிய ரெண்டாவது."

பாக்ஸைக் கவிழ்த்துவைத்தார்.
தண்ணீர் வடிந்து முடியும்வரை பேச்சில்லை.
பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.
ஆஸ்பத்திரிச் சீட்டு,
மடித்த இடமெல்லாம் ஒடிந்திருந்தது.
பேர் எழுதுமிடம் காலி.
பெண் குழந்தை, ரெண்டே முக்கால் கிலோ,
விடியக்காலம் நாலு பத்து.

"நாலு இருவது," என்றார்.
"அந்த வார்டு கடியாரம் பத்து நிமிசம் மெதுவு."

கூண்டில் ஏறுவேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா என்று மட்டும்
நிறுத்தம்வரை வந்து கேட்டார்.

மறுநாள் வக்கீல் ஆபீஸில் தாள் தயாரானது:

செ. கோகிலவாணி, த/பெ சென்னியப்பன்
எதிராக
சென்னியப்பன்

டைப் அடித்த பெண் கையை நிறுத்தினாள்.
"ஒரே பேரு மேலயும் கீழயும் வருதுங்க்கா.
தப்பா அடிச்சுட்டேனா?"

ரெண்டும் இருக்கட்டும் என்றேன்.