நடுவில் என்ன செய்தீர்கள்

சிப்காட்டில் இறங்கியதும்
துப்பட்டா முனையால் செருப்பைத் துடைத்தேன்.
தோல் கம்பெனி, முதலில் காலைத்தான் பார்ப்பார்கள்
என்று சொல்லியனுப்பியிருந்தாள் நூர்ஜபீன்.

யாரும் பார்க்கவில்லை.
தாளைத்தான் பார்த்தார்கள்.
"மூணு வருஷம் காலியா இருக்கே,
நடுவுல என்ன செஞ்சீங்க?"

கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பதில்
நாக்கடியில் ஒட்டிக்கொண்டது.

அத்தாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
எந்தக் கவுண்டரில் எப்போது வரிசை குறையும்,
எந்தச் சீட்டுக்கு எந்த முத்திரை,
பத்து மணிக்கு மேல்
வேலூரிலிருந்து விசாரம் போக எந்த பஸ் —
சொந்தக் கதை பேசாதீர்கள் என்று
யூடியூப்காரர் எச்சரித்ததை எல்லாம்
வரிசையாகப் பேசினேன்.

அந்தம்மா பேனாவை மூடினார்.
அவர் மூடியது நல்லதுக்கா தெரியவில்லை.

"சம்பளம் எவ்ளோ எதிர்பாக்குறீங்க?"
மனப்பாடம் பதினெட்டு.
வாயில் வந்தது பதினாலு.
தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு
"பதினெட்டு சார், முதல்ல தப்பா சொல்லிட்டேன்."
சிரித்தார்கள்.
"சொல்லி அனுப்புறோம்."

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே மணல், முள், ஒற்றை மாடு.
எத்தனை வருஷம் காலியாகக் கிடந்தாலும்
பலகையில் பாலாறு என்றுதான் இருக்கிறது.

கைப்பையில் துழாவி
சைலண்டில் போட்டிருந்த போனை எடுத்தேன்.
சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.