மஞ்சள் கட்டம்

பதினைந்து என்று போட்டது நான்தான்.
நவம்பர், வியாழன், மாலை ஆறு தாண்டிவிட்டது.
வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பின்தெருவில் நான்காம் மாடி;
ஹீட்டர் செத்துக் கிடந்ததால் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
தனியே வசிக்கும் முதியவர் ஒருவரை
எழுப்பி, கழுவி, உடுத்தி, மாத்திரை விழுங்கவைத்து,
கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப
எத்தனை நிமிடம்?
அட்டவணையில் அந்தக் கட்டம் மட்டும் காலி.
காலியாக விட்டால் அடியில் கூட்டுத்தொகை வராது.
பதினைந்து என்று தட்டி மஞ்சள் பூசினேன்.
எங்கள் அலுவலகத்தில் மஞ்சளுக்குப்
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள்.

பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் எங்களைத் தொட்டி என்பார்கள், சிந்தனைத் தொட்டி.
எந்தக் குழாய் வழியே நிரம்புகிறோம் என்பதை
ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கம்
எறும்பு எழுத்தில் சொல்லும்:
நலம் விரும்பிகளுக்கு நன்றி.
இயக்குநர் ஆம்புரோஸ் கின்வெர் கெட்டவரில்லை.
தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்ப்பார்.
"அமைச்சருக்குப் படிக்க ஏது நேரம்?
ஒரே ஒரு எண் கொடு,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்."

அறிக்கை அச்சுக்குப் போனது.
கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் செலவு குறைவு.
மஞ்சள் போய்விட்டது,
எண் நின்றுவிட்டது.

காலைச் சிற்றுண்டிக் கூட்டமொன்றில்
அது குரோசான் துணுக்குகளோடு கைமாறியது.
ஒரு நாளிதழ், 'நிபுணர்கள் கணிக்கிறார்கள்' என்றது.
சபையில் அமைச்சர் எழுந்து
'சுதந்திரமான ஆய்வு ஒன்று' என்றார்.
அடுத்த ஆண்டு எங்கள் புது அறிக்கையில்
அடிக்குறிப்பு நாற்பத்தொன்று:
ஆதாரம், அமைச்சரின் உரை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
யார் சொன்னது?
நாங்கள் வரைந்த சுரைக்காயை நறுக்கி
நாடு முழுக்கப் பரிமாறினார்கள்.

ஆறு வருடம் கழித்து,
'கள அனுபவம்' என்ற தலைப்பில் அரைப்பக்கம் தேவைப்பட்டு
ஹார்ட்டில்பூலுக்கு ரயிலேறினேன்.
லோர்னா பாலிஸ்டரின் சின்னக் காரில்
பின்னிருக்கை முழுக்கக் கையுறைப் பெட்டிகள்.
வாசலில் போனைத் தட்டியதும் மணி ஓடத் தொடங்குகிறது.
உள்ளே வில்ஃப் ஔத்வெயிட்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது டன்னை மயிரிழை பிசகாமல் இறக்கிய இடது கை
இப்போது மடியில் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல.

அவர் ஒரு கடற்காகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.
ஜன்னலுக்கு வருமாம், நேற்று வந்தபோது அதன் கால்...
லோர்னா சாக்ஸை மாட்டிக்கொண்டே
உம் கொட்டினாள்.
கம்பளிச் சட்டையில் ஏழு பொத்தான்.
மூன்று போட்டாள்.
போன் அதிர்ந்தது.
கடற்காகத்தின் காலுக்கு என்ன ஆயிற்று என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரில் சாவியைத் திருகாமல் கேட்டாள்:
"இந்தப் பதினைஞ்சை யாரு கணக்குப் போட்டாங்க?
உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."
"சான்றுகளின் அடிப்படையில் வகுக்கப்பட்டது" என்றேன்.
வகுத்தவன் இல்லாத வாக்கியம்.
அப்படி எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
அவள் வைப்பரைப் போட்டாள். மழையில்லை.

லண்டன் திரும்பி, பழைய கோப்பைத் தேடித் திறந்து
அந்தக் கட்டத்துக்கு மறுபடி மஞ்சள் பூசப் போனேன்.
இந்தக் கட்டம் பூட்டப்பட்டுள்ளது என்றது திரை.
பக்கத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்:
நிறுவப்பட்ட அளவுகோல், மாற்ற வேண்டாம்.

இரவு, கட்டிலில்,
இடது கையை மடியில் கிடத்தினேன்.
போனில் மணியை ஓடவிட்டு
வலது கையால் மட்டும்
எழுந்து, கழுவி, துடைத்து, சட்டைக்குள் நுழைந்து
நான்காவது பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது
பதினைந்து ஆகிவிட்டது.
எனக்கு முப்பத்தெட்டு வயது.
மாத்திரை வேறு பாக்கி.