மச்சம் எந்தக் கன்னத்தில்

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
கசவுப் புடவையில் நிற்கிறாள்.
தடுப்புக் கட்டையைத் தாண்டினால்
அரக்குப் பட்டில் நிற்கிறாள்.
ஒரே நகைக்கடை, ஒரே பெண்.
இடையில், பேருந்து
ஒரு கியர் மாற்றும் தூரம்.

மூன்றாம் செமஸ்டர், இருபத்தைந்து மதிப்பெண்:
ஒரு விளம்பரம்,
ஒரு திரைப்படத்தின் முதல் மூன்று நிமிடம்.
மற்றவர்கள் காரையும் குளிர்பானத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.
நான் தினம் இருமுறை கடக்கிறவளை எடுத்துக்கொண்டேன்,
ஜன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில்.

பார்வை முதலில் கண்ணில் விழுகிறது
என்று குறிப்பெழுதினேன்.
அங்கிருந்து காது, கழுத்து, வளையல் என்று படியிறங்கி
கீழே வலது மூலையில்
சேதாரம் ஏழு சதவீதத்தில் போய் நிற்கிறது.
ரத்தச் சிவப்பு அல்ல, குங்குமச் சிவப்பு.
நட்சத்திரக் குறி ஒன்று உண்டு;
அது சுட்டும் நிபந்தனையைப் படிக்க
ஏணி வேண்டும்.

இரண்டு படத்தையும் போனில்
ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். பொருந்தவில்லை.
ஒன்றைப் புரட்டிப் போட்டேன்.
நெற்றியில் தப்பிய ஒற்றை முடிவரை ஒட்டிக்கொண்டது.
மலையாளத்தில் இடக் கன்னம்,
தமிழில் வலக் கன்னம்:
மச்சம்
பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டியிருந்தது.

மலையாளமே மூலம், தமிழ் அதன் கண்ணாடி
என்று துணிந்து ஒரு பத்தி எழுதினேன்.
கடைக்காரர் திருச்சூர். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

படத்துக்குக் கொழிஞ்சாம்பாறை போனோம்,
நானும் ஷெரீனாவும்.
புகை தின்ற நுரையீரல்,
மூன்று தயாரிப்பாளர்களின் மூன்று சாமிகள்,
பிறகு இருட்டு.
பதினொரு விநாடி இருட்டு. நான் எண்ணினேன்;
ஸ்டாப்வாட்ச் வெளிச்சத்தை
ஷெரீனா துப்பட்டாவால் பொத்தினாள்.
ஷட்டர் ஏறும் சத்தம். கீழிருந்து கோடாய் வெளிச்சம்.
ஒரு செருப்பு.
பதினாறாவது ஷாட் வரை முகமில்லை.
தோளையும் பிடரியையும் காப்பையும்
விசிலடித்துத் தவணையில் வாங்கியது அரங்கம்.

இருபத்து மூன்றாவது ஷாட்: பேருந்து நிலையம், கூட்டம்.
குடையை மடக்கியபடி ஒருத்தி குறுக்கே போகிறாள்.
நாயகனைத் தேடிப் போகும் ஃபோகஸ்
வழியில் ஒரு நொடி அவளைத் தொடுகிறது.
அவளும் கேமராவைப் பார்த்துவிடுகிறாள்.
பார்க்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.
வலக் கன்னத்தில் மச்சம்.

படத்தையே புரட்டியிருந்தால்?
மறுநாள் மறுபடி டிக்கெட் எடுத்தேன்.
அவளுக்குப் பின்னால் நின்ற பேருந்தில்
ஊர்ப் பெயர் நேராகவே இருந்தது.

பத்தியை அடித்தேன்.
அந்தப் பக்கம் நிற்பதுதான் அவள்.
எங்கள் பக்கம் இருப்பது புரட்டிய தாள்.
படம் முடிந்து ஓடிய பெயர்களில்
தேநீர் கொண்டுவந்தவர்வரை இருந்தார்கள்.
அவள் பெயர் எனக்குத் தெரியாது,
ஆகவே அவள் அதில் இருந்தாளா என்பதும் தெரியாது.

கடைசிக் கேள்வி: இலக்குப் பார்வையாளர் யார்?
காலியாக விட்டேன். இரண்டு மார்க் போயிற்று.

மதிப்பெண் வந்த மறுவாரம்
இந்தப் பக்கத்துப் பலகையில் சாரம் கட்டியிருந்தார்கள்.
சிமெண்ட் வரப்போகிறதாம்.
இறங்கிவிட்டேன். பேருந்து போய்விட்டது.
மேலேயிருந்து கத்தியோடு குனிந்தார் ஒருவர்:
"மாட்டுக் கொட்டாய்க்கா? எந்தத் துண்டு வேணும் கண்ணு?"
முகத்தைக் காட்டினேன்.
"அதுல ஆணி ஓட்டை. ஒழுகும்."
பரவாயில்லை என்றேன்.

ஒரு கண், ஒரு கன்னம், பாதிச் சேதாரம்,
அறுபது ரூபாய்.
புளியமரத்துக் கிளையில் தொங்கவிட்டு
பின்பக்கம் போய் நின்றேன்.
வெயில் ஊடுருவியது.
எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி
எந்த மொழியும் இல்லாமல் கிடந்தது.
மச்சம்
வலக் கன்னத்தில் இருந்தது.