மூணா, ரெண்டா

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடை.
மேசைக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும்:
ஆறு ரோல்ஸ், நாலு கட்லட், நாலு உளுந்து வடை.
தின்றது போக மிச்சத்தை எண்ணி
பில் எழுத வேண்டும்.
அவ்வளவுதான் வேலை என்றார்
கேஷில் இருந்த நிஹால்.
ஓ/எல்லில் கணக்குக்கு எனக்கு பி.
பயமில்லை என்று நினைத்தேன்.

முதல் நாளே
நீல ஜெர்சி போட்ட பொகவந்தலாவைக்காரர்
மூன்று தின்றுவிட்டு ரெண்டு என்றார்.
ஆறு வச்சேன் ஐயா, மூணுதானே இருக்கு என்றேன்.
"அப்ப நீ அஞ்சுதான் வச்சிருப்ப.
புதுசா?"
புதுசுதான்.
மூன்றாவது ரோல்ஸின் தூள்
அவர் மீசையில் இருந்தது.
மீசையை சாட்சிக்குக் கூப்பிட முடியாது.
நூற்றிருபது ரூபாய்
என் பெயருக்கு நேரே ஏறியது.

நுவரெலியா போகும் வேனிலிருந்து ஒரு மிஸ்
வெந்நீர் கேட்டார். கொடுத்தேன்.
கரண்டியைக் குளிப்பாட்டினார்.
இன்னொரு கிளாஸ் வெந்நீர்,
பிள்ளையின் கரண்டிக்கு.
குளிப்பாட்டிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று
சுற்றிப் பார்த்து
வடைத் தட்டில் ஊற்றினார்.
நாலு வடையும் ஊறிப் பெருத்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.
அவையும் என் பெயருக்கு நேரே.

கண்டக்டர்மாருக்குப் பின்னறை.
அவர்களுக்கு பில் இல்லை, குறை உண்டு.
"இது மீனா, மீன் போன பாதையா?
நாளைக்கு பஸ் அங்கிட்டு நிக்கும், சொல்லிட்டேன்."
முதலாளியே கோழிக்காலோடு ஓடினார்.
அவர் ஓடி நான் பார்த்தது
அந்த ஒரு தடவைதான்.

"நங்கி, மேக்க சீத்தலாய்னே."
பிளேன்டீ ஆறிப் போச்சாம்.
வைத்துவிட்டு அரைமணி நேரம்
ஃபோனில் தகராறு பண்ணியது யார்?
சரி மாத்தயா.
இந்த "சரி"யை மூன்று மொழியில் சொல்லப் பழகினேன்.
மூன்றிலும் அதற்கு ஒரே அர்த்தம்,
அது அகராதியில் இல்லை.

கோபம் தொண்டைவரை வந்தால்
ரம்ஸான் கொத்துப் போடும் தகட்டருகே போய் நிற்பேன்.
இரும்பும் இரும்பும் மோதுகிற அந்தச் சத்தத்துக்குள்
என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.
லயத்துக் குழாயடியில் தண்ணீர் நின்ற நாட்களில்
கேட்டு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம்
அப்போது உதவின.
ரம்ஸானுக்கும் கேட்காது.
கேட்டாலும் அவன் தாளம் தவறாது.

பன்னிரண்டாம் நாள், மத்தியானம், மழை.
கடை நிறைய ஈரக் குடைகள்.
நான் ஒரு நீண்ட வார்த்தையின் நடுவில் இருந்தேன்.
கொத்துச் சத்தம் சட்டென்று நின்றது,
முட்டை தீர்ந்துவிட்டது.
என் வாய் நிற்கவில்லை.

கடையிலிருந்த பதினேழு பேரும்
அது தமக்குத்தானோ என்று
தத்தம் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.
நிஹாலுக்குத் தமிழ் தெரியாது,
அவருக்கும் புரிந்தது.

ஒருநாள் சம்பளம் வெட்டினார்கள்.
ஆனால் அன்றைக்கு மட்டும்
ரோல்ஸ் கணக்கு
ஒன்று குறையாமல் நேராக வந்தது.

போயா நாள் லீவில் கொட்டகலை போனேன்.
பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன்,
உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று பார்க்க.
நன்றாக இருந்தது.
தட்டு வைத்த பையனுக்கு
சட்டை இரண்டு அளவு பெரிது.
பில் எழுத வந்து எத்தனை என்றான்.
நாக்கு நுனியில் "ரெண்டு" வந்து நின்றது.
சத்தியமாய் வந்து நின்றது.
மூணு என்றேன்.

அவன் தலையாட்டினான்.
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
தட்டில் மிச்சமிருந்ததை
விரலால் தொடாமல் தொட்டு
ஒவ்வொன்றாய் எண்ணினான்.

சுர்ரென்று ஏறியது எனக்கு.

"புதுசா?" என்று கேட்டேன்.