மீட்டர் போட்ட இணைப்பு

ஏப்ரல் கடைசி வாரம். லியபாயாவில்
பிர்ச் மரங்கள் பூத்துக் கொட்டுகிற நாட்கள்.
மில்டா கூரைமேல் ஏறிப்
பொறியிலிருந்து பசைநாடாவை உரித்து வருவாள்.
துண்டாக்கி ஸ்லைடில் ஒட்டி
நுண்ணோக்கியின் அடியில் வைப்பாள்.
நுண்ணோக்கிக்கு ஒரு கேமரா.
கேமராவுக்கு ஒரு நிரல்.
நிரலுக்கு இந்தப் பழைய கணினி.
கேமரா செய்த கம்பெனியை மூடி
எட்டு வருஷமாகிறது.

ஊரில் யார் எப்போது தும்முவார்கள் என்பது
எங்கள் சமையலறை மேசைக்குத்தான்
முதலில் தெரியும்.

அந்த மேசைக்கு வந்தது ஒரு நீலப் பெட்டி.
"புதிய பதிப்பு தயார். இலவசம்."
கீழே இரண்டு பொத்தான்கள்:
இப்போதே. இன்றிரவே.

மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.
அழுத்தினேன்.
நன்றி என்றது.
விடிகாலை மூன்று மணிக்குக் குறித்துக்கொண்டது.
முகத்தில் கதவைச் சாத்தினால்
அதையே 'உள்ளே வா' என்று எடுத்துக்கொள்ளும்
விருந்தாளியை அதுவரை நான் கண்டதில்லை.

மூன்று மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
இருட்டில் விசிறி இரைந்துகொண்டிருந்தது.
பன்னிரண்டு விழுக்காடு.
கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது.
அணைத்தேன்.
வெறுங்கால் சில்லிட, பிளக் கையில் தொங்க,
எதனுடைய வாலையோ
பிடுங்கிவிட்டவன் போல நின்றேன்.

மறுநாள் அதன் பெயரைத் தேடிப்பிடித்து முடக்கினேன்.
செவ்வாய்க்கிழமை தானாக எழுந்து உட்கார்ந்திருந்தது.
ஏழிலக்க எண் ஒன்றைக் கண்டுபிடித்து மறைத்தேன்.
வேறு எண்ணை மாட்டிக்கொண்டு வந்தது.
கீழ்வீட்டு குந்தார்ஸ், கப்பலில் மின்பணி பார்த்தவர்,
"வயரையே உருவிவிடேன்" என்றார்.
உருவலாம்.
காலை ஏழுக்குள் எண்ணிக்கை
ரீகாவுக்குப் போயாக வேண்டுமே.

கடைசியில் அமைப்புகளின் அடியில்,
பீரோவுக்குப் பின்னால் துடைக்காத தரை போன்ற
ஒரு பக்கத்தில்,
சின்னதாக ஒரு சுவிட்ச்:
இது மீட்டர் போட்ட இணைப்பு.
அதாவது, சொட்டுக்குச் சொட்டு காசு கொடுக்கிற வீடு இது,
பார்த்து நடந்துகொள்.

பொய்தான்.
மாதம் பதினெட்டு யூரோ,
எவ்வளவு மொண்டாலும் அதேதான்.
தள்ளினேன்.

அன்று நீலப் பெட்டி வரவில்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில்
தயங்கித் தயங்கி ஒன்று வந்தது:
"வானிலைப் படத்தைப் புதுப்பிக்கட்டுமா?
உங்களுக்குச் செலவாகலாம்."
கீழே, ஆம்.
அதன் பக்கத்தில், அதே உயரத்தில்,
வேண்டாம்.

நாலு வருஷத்தில் முதல்முறை.
கையில் காசில்லாதவன் என்றதும்தான்
என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியிருக்கிறது அதற்கு.
இதே வார்த்தையை
வங்கியில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மில்டாவைக் கூப்பிட்டேன், வந்து பார் என்று.
திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்
"நூற்று அறுபத்தேழு, நூற்று அறுபத்தெட்டு,
பேசாதே" என்றாள்.

இந்தப் பொய்க்கும் ஆயுள் குறைவு, தெரியும்.
ஒருநாள் கண்டுபிடித்துவிடும்.
அல்லது பூட்டில்லாத இந்தப் பழைய கதவைத் தள்ளிக்கொண்டு
வேறு யாராவது வருவார்கள்;
குந்தார்ஸ் அதைத்தான் சொல்லிப் பயமுறுத்துகிறார்.
பிர்ச் முடியட்டும் என்கிறேன்.
பிர்ச் முடிந்தால் புல்.
புல் முடிந்தால் மாசிபத்திரி.
பிப்ரவரியில் பனியோடு பனியாக ஆல்டர் தொடங்கிவிடும்.

சாம்பல் பெட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது,
இரண்டு பொத்தான்களையும் ஏந்தியபடி.
பாவமாக இருந்தது.
வானிலைப் படம்தானே.
ஆம் என்றேன்.

மேல்காற்று என்று காட்டியது. கடலிலிருந்து.
நாளை கொஞ்சம் குறைவாகத் தும்முவோம்.